நெல்லின் இலைக்கருகல் நோயும் மரபணுச் சோதனையும்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தூர் கட்டி வளர்வதாகும். காற்றோடு கூடிய மழை, வயலில் தேங்கும் நீர், அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து ஆகிய மூன்றும் ஒருங்கு சேருமாயின் இலைக்கருகல் நோய்க்கு இடமுண்டாகும். சாந்தோமோனாஸ் என்னும் நுண்கிருமியால் விளையும் இந்நோய், 1963-ஆம் ஆண்டில் பீகாரில் அப்போதிருந்த ஷாகாபாத் ஜில்லாவில் பெருவாரியாகப் பரவிற்று.

அடையாளம்

இலையின் நுனியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் மஞ்சள் நிறம் நெளிநெளியாகக் கீழிறங்கி, பின்னர் இலை வைக்கோல் நிறமாய்க் காயும். ஐயம் நேரின், நோயுற்ற இலையை நறுக்கி, வெட்டுவாய் மூழ்குமாறு தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் நிறுத்துக. சில நிமிஷங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்கினால், அது இந்நோயேயாகும்.

கிருமி செய்யும் சூழ்ச்சி

நெற்பயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரே மரபணுத் தொகுதி அமைந்திருக்கிறது. ஆயினும் இலை இலையாகவும், வேர் வேராகவும், மகரந்தம் மகரந்தமாகவும் இருப்பதேன்? ஒரு கால்வாயில் மடைகள் பல இருப்பினும், திறந்த மடையின் கீழுள்ள வயலுக்கே நீர் பாயும். அவ்வாறே ஒவ்வோர் உயிரணுவிலும் சில மரபணுக்களே திறந்திருக்கும், ஏனையவை அடைபட்டிருக்கும். திறந்த மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்னும் நகல்கள் உண்டாகின்றன. இலையை அரைத்து, அந்நகல்களைப் பிரித்தெடுத்து, எந்த மரபணுவின் நகல் எவ்வளவு உள்ளதெனக் கணக்கிடுவதே மரபணு வெளிப்பாட்டுச் சோதனை எனப்படும்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தார் இச்சோதனையை இலைக்கருகல் நோயில் கையாண்டனர். நோய் விளைக்கவல்ல கிருமியைச் சில இலைகளிலும், ஒரு குறிப்பிட்ட புரதத்தை இழந்த கிருமியை வேறு சில இலைகளிலும் செலுத்தி, நகல்களை ஒப்பிட்டனர். முன்னதில் மட்டும் ஒரு மரபணுவின் நகல்கள் வெகுவாகப் பெருகியிருந்தன. ஸ்வீட் 11 என இன்று வழங்கும் அம்மரபணு, உயிரணுவின் சர்க்கரையை வெளியே செலுத்துவதென்பது 2010-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. கிருமி தன் புரதத்தைக் கள்ளச்சாவிபோற் பயன்படுத்தி, இலையில் அடைபட்டிருக்க வேண்டிய மடையைத் திறந்து, பயிரின் சர்க்கரையைத் தனக்கு இரையாக்கிக் கொள்கிறது.

அவ்வாறாயின் அம்மரபணுவையே ஒழித்துவிடலாகாதோ எனின், ஆகாது. மகரந்தம் முதிர்வதிலும் அதற்குப் பங்குண்டு. அதனை ஒடுக்கிய பயிர்களில் மகரந்தம் குன்றி மலட்டுத்தன்மை காணப்பட்டது. மகரந்தம் மலடானால் கதிர் பதராகும். ஆனால் சில நெல் வகைகளில் கள்ளச்சாவி பொருந்தும் இடம் மட்டும் இயற்கையாகவே மாறியிருக்கிறது. அவற்றில் மகரந்தத்தின் வேலை குறைவின்றி நடக்கும். இலையிலோ கிருமியால் மடையைத் திறக்க இயலாது. எக்ஸ்.ஏ. 13 என்னும் எதிர்ப்பு மரபணு இதுவே.

ஹைதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் உயிரணு ஆராய்ச்சி மையத்தாரும் இதனோடு எக்ஸ்.ஏ. 5, எக்ஸ்.ஏ. 21 என்பவற்றையும் சம்பா மசூரியில் சேர்த்து, 2008-இல் மேம்படுத்திய சம்பா மசூரியை வெளியிட்டனர். மூன்றனைச் சேர்த்தது காரணத்துடனேயாம். கிருமியின் சில இனங்கள் வேறு சாவியால் ஸ்வீட் 13, ஸ்வீட் 14 என்னும் பிற மடைகளைத் திறக்க வல்லவை. ஒரு பூட்டை மட்டும் நம்பிய களஞ்சியம் நெடுநாள் காப்புடையதன்று.

பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை

1. விதை நெல் கலப்பற்றதாயிருத்தல் வேண்டும். எதிர்ப்புத் திறன் கண்ணுக்குப் புலப்படாது. களத்தில் வேறு நெல் கலந்துவிடின் அது வருஷந்தோறும் குறைந்துகொண்டே போகும். 1937-இல் நிறுவப்பெற்ற அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கலந்தாலோசித்து, தத்தம் பருவத்துக்கேற்ற ரகத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

2. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளலாகாது. அக்காயத்தின் வழியே கிருமி எளிதில் நுழையும்.

3. தழைச்சத்தை ஒரே தடவையில் இடாது பகுத்திடுக. நோய் தோன்றியபின் மேலுரமாக யூரியா இடுவது நோயை வளர்ப்பதற்கே ஒப்பாகும்.

4. நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடலாகாது. வயலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் இடங்களில் இதனை ஒருவர் மட்டும் அனுஷ்டித்துப் பயனில்லை. ஆகவே கிராம அதிகாரிகள் ஒரு மடையின் கீழுள்ள பயிர்க்காரர் அனைவருக்கும் உடனே அறிவித்தல் அவசியம்.

5. வரப்பிலுள்ள புற்களையும், அறுவடைக்குப்பின் தானே முளைக்கும் நெல்லையும் அகற்றிவிடுக. கிருமி அவற்றில் தங்கி அடுத்த பருவத்தை எதிர்பார்த்திருக்கும்.

நோய் பற்றிய இலையை மீண்டும் பசுமையாக்கும் மருந்து யாதுமில்லை. சோதனைச்சாலை கண்டறிந்த எதிர்ப்புத் திறன் விதையினுள் அடங்கியிருக்கிறது. அவ்விதையைக் கலப்பின்றிக் காப்பதும், நீரையும் உரத்தையும் அளவோடு செலுத்துவதும் பயிரிடுவோர் கையில் உள்ளன.