கருவின் மூளையைக் கைபேசியில் பார்ப்பது எப்படி?

செஞ்சியில் உட்கார்ந்தபடி ஒரு கருவின் மூளையைச் செல் செல்லாகப் பார்க்கலாம். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற வரைபடத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. அதில் 5,132 மெல்லிய மூளைச் சீவல்களின் படங்கள் உள்ளன.

ஒரு சீவலின் படமே பூதாகரமானது. நம்மூர் சிக்னலில் எப்படித் திறக்கும்? இத்தகைய படங்களைச் சிறு சதுரங்களாக வெட்டி, பல உருப்பெருக்க அடுக்குகளில் வைப்பார்கள். அடிவாரத்தில் நின்றால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை மொத்தமும் தெரியும், ஏற ஏறத்தான் மதில் கல் தெரியும் அல்லவா, அப்படி. விரல் பெரிதாக்கும் இடத்துச் சதுரங்கள் மட்டுமே இறங்கும்.

மூளைப் படங்களை மற்ற ஆய்வகங்களோடு பகிரும்போது உண்மையான தலைவலி கோப்புப் பெயர்தான். ‘புதுசு’, ‘கடைசி’, ‘கடைசி 2’ என்று சேமித்தால் அடுத்த ஆய்வகத்துக்கு என்ன புரியும்? மூளை ஸ்கேன் கோப்புகளுக்கு அதற்காகவே 2016இல் ‘பிட்ஸ்’ (BIDS) விதிமுறை வந்தது: எத்தனையாவது நபர், எந்த வகை ஸ்கேன் என்பதைக் கோப்பின் பெயரே சொல்லிவிடும், ஆளின் பெயர் மட்டும் இருக்காது.