கேள்வி கேட்க ஒரு மைக்

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வியாழக்கிழமை காலை 10 மணி என்றால், செபராங் ஜெயாவில் வெள்ளிக்கிழமை பின்னிரவு 1 மணி. ஜூலை மாதத்தில் இரண்டு ஊருக்கும் 15 மணி நேர வித்தியாசம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஐஸ் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அன்று 2020 ஜூலை 23. மறுநாள் எனக்கு வானொலியில் விடுப்பு. ஒரு பிளாஸ்க் நிறைய கோப்பி, இரண்டு பாக்கெட் முறுக்கு, ஒரு மடிக்கணினி. இவற்றோடு வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து, உலகின் மிகப் பெயர்பெற்ற ரசிகர் மாநாட்டில் ஒரு நாள் முழுக்கத் தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களைப் பார்த்தேன்.

‘காமிக்-கான்’ என்ற பெயர் இளையோருக்குப் புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-இல் சான் டியாகோவின் ஒரு தங்கும் விடுதியில், சித்திரக்கதைப் பிரியர்கள் முன்னூறு பேர் அளவில் கூடித் தொடங்கிய மாநாடு அது. இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். சித்திரக்கதையோடு திரைப்படமும் சேர்ந்தது, பிறகு தொலைக்காட்சியும் சேர்ந்தது. ‘லாஸ்ட்’ தொடரின் முதல் பாகத்தை 2004-இல் தொலைக்காட்சிக்கு வரும் முன்பே அங்கேதான் திரையிட்டார்கள். அன்றிலிருந்து புதுத் தொடர் எடுப்பவர்கள் பலருக்கு அந்த மேடை ஒரு வாசற்படி மாதிரி.

அங்கே ‘பேனல்’ என்றால் ஒரு நீள மேசை. அதன் பின்னால் நடிகர்கள், எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள் வரிசையாக உட்காருவார்கள். நடுவர் ஒருவர் பேச்சை நடத்துவார். கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டத்துக்கு. அரங்கில் வைத்திருக்கும் மைக்கின் பின்னால் ரசிகர்கள் வரிசை பிடித்து நின்று கேள்வி கேட்பார்கள். ‘ஹால் எச்’ எனும் பெரிய அரங்கில் சுமார் 6,500 இருக்கைகள். அதில் இடம் பிடிக்க முதல் நாள் இரவே வெளியே நடைபாதையில் படுத்திருப்பவர்கள் உண்டு. இன்னொரு வேடிக்கை: ஒரு பேனல் முடிந்ததும் அரங்கைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். ஆகவே மாலை நான்கு மணி நிகழ்ச்சிக்காகக் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவார்கள். தனக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று தொடர்களைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்கூட்டியே இடம் பிடிப்பது மாதிரிதான்.

2020-இல் கோவிட் வந்தது. மாநாடு தொடங்கி ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக ரத்தானது. அதற்குப் பதில் ஜூலை 22 முதல் 26 வரை ‘வீட்டிலிருந்தே காமிக்-கான்’ என்று 350-க்கும் மேற்பட்ட கலந்துரையாடல்களைப் பதிவு செய்து யூடியூப்பில் இலவசமாக வெளியிட்டார்கள். டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம், விமானம் வேண்டாம். இங்கே நாம் அப்போது மீட்சி நிலை நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்தோம். சன்வே கார்னிவலுக்குள் நுழையவே உடல் வெப்பம் பார்த்து, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்த காலம். ஊடகத்துறையில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து சான் டியாகோ எனக்கு ஓர் ஆசை. அந்த ஆண்டு அது தானாக என் வீட்டுக்கு வந்தது.

பின்னிரவு 1 மணிக்கு ‘ஸ்டார் ட்ரெக்’. எனக்கு அந்த இரவின் மிகச் சிறந்த பகுதி அதுதான். காரணம் விண்வெளி அல்ல, வானொலி!

‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ நடிகர்கள் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், அவரவர் கணினி முன்னால் இருந்தார்கள். இரண்டாம் பருவத்தின் இறுதிப் பாகத்திலிருந்து முதல் பகுதியை எடுத்து, எழுத்துப்படியை வாசித்தார்கள். ஒப்பனை இல்லை, உடை இல்லை, விண்கலம் இல்லை. அந்தத் தொடரில் வேற்றுக்கிரகவாசியாக வருகிற டக் ஜோன்ஸ் ரப்பர் முகமூடிக்குள் முழுசாக மறைந்திருப்பவர். அன்றைக்கு ஒரு சாதாரண மனிதராக, சொந்த முகத்தோடு உட்கார்ந்து அதே குரலில் பேசினார். ஒலிகள் பின்னணியில் சேர்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முழுக்க முழுக்க வானொலி நாடகம்!

நம் நாட்டில் தமிழ் வானொலி நாடகத்துக்கென்று ஒரு காலம் இருந்தது. இன்றும் பெரியவர்கள் மின்னலை ‘வானொலி ஆறு’ என்றுதான் சொல்வார்கள். அந்த நாடகங்களின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிமார்களை நேயர் அழைப்புகளில் நான் சந்தித்திருக்கிறேன். வானொலியிலிருந்து பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடர்புத்துறைப் பேராசிரியரான எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதை எழுதுபவரும் ஒலிபரப்புகிறவரும் பாடம் நடத்துகிறவரும் ஒரே ஆளாக இருந்த தலைமுறை அது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் தொடர் ஒன்று, படப்பிடிப்பு நின்றதும் நம் பழைய வானொலி அறைக்குத் திரும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அடுத்து வந்த ஒன்றிரண்டில் தூங்கி வழிந்தேன். எல்லாமே முன்கூட்டியே பதிவானவை. கட்டம் கட்டமாக முகங்கள், எல்லாருக்கும் பின்னால் புத்தக அலமாரி. ஒருவர் நகைச்சுவை சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு கால் விநாடி தாமதமாக வருகிறது. மேடைக் கலைஞர்களுக்குத் தெரியும், அந்தக் கால் விநாடி எவ்வளவு பெரிய பள்ளம் என்று.

சுபுஹ் பாங்கு ஒலித்து வெளியே வெளுத்தபின் ‘தி பாய்ஸ்’ பார்த்தேன். மிகைவீரர்களைக் கிழித்துத் தொங்கவிடும் தொடர், பிள்ளைகளோடு பார்க்கக்கூடியது அல்ல. ஆயிஷா டைலர் நடத்திய அந்தப் பேனலில்தான் மூன்றாம் பருவம் உறுதி என்று அறிவித்தார்கள். இரண்டாம் பருவமே அப்போது இன்னும் வெளியாகவில்லை. ஹால் எச்சில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் ஆறாயிரம் பேர் எழுந்து கத்துவார்கள். செபராங் ஜெயாவில் நான் ஒருத்தி “ஆ!” என்றேன். பக்கத்து வீட்டுச் சேவல் பதில் சொன்னது.

அந்த நேரம்தான் அம்மா எழுந்து வந்தார். மைலோ கலக்கிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

“யாரும்மா இவங்கெல்லாம்? மீட்டிங்கா?”

“இல்லம்மா. நாடகம் எடுக்கிறவங்க. ஏன் அப்படி எழுதினோம், எப்படி எடுத்தோம்னு பேசுறாங்க. சாதாரணமா கூட்டத்துல இருக்கிறவங்க கேள்வி கேப்பாங்க.”

“யாரு வேணா கேக்கலாமா?”

“கேக்கலாம்.”

அம்மா மைலோவை வைத்துவிட்டு உட்கார்ந்தார். “அப்படின்னா எனக்கு ‘கோலங்கள்’ எழுதினவர ஒரு கேள்வி கேக்கணும். அந்த அபிக்கு ஏன் அவ்வளவு கஷ்டம் கொடுத்தீங்க? ஒரு வருஷமாச்சும் அது நிம்மதியா இருக்க விட்டீங்களா?”

‘கோலங்கள்’ சன் டிவியில் 2003 முதல் 2009 வரை ஓடியது. முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் அம்மா அந்தக் கேள்வியை வயிற்றில் வைத்திருந்தார். கேட்க இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் பார்த்த பேனல்களில் என் கவனம் முழுக்க ஒன்றில்தான் நின்றது. இங்கே கேள்வி கேட்பவர் எங்கே? பதிவு செய்த உரையாடலில் நடுவர் கேட்கிறார், நட்சத்திரம் பதில் சொல்கிறது. யாரும் மூச்சு வாங்க ஓடிவந்து மைக்கைப் பிடிக்கவில்லை. யாருடைய குரலும் நடுங்கவில்லை. மாநாடு முடிந்தபின், ட்விட்டரில் அதைப் பற்றிய பேச்சு முந்தைய ஆண்டைவிட 95 விழுக்காடு குறைந்ததாக ஒரு கணக்கு வெளியானது. எனக்கு அது வியப்பாக இல்லை. வானொலியில் பதிவு நிகழ்ச்சி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், நிபோங் திபாலிலிருந்து ஒருவர் அழைத்து, “அக்கா, லைன்ல இருக்கேனா?” என்று கேட்டு, நான் “முதல்ல ரேடியோ சத்தத்தக் குறைங்கண்ணே” என்று சொல்லும் அந்தக் குழப்பத்துக்கு ஈடாகாது. நேயர் வந்த பிறகுதான் நிகழ்ச்சி நிகழ்ச்சியாகிறது.

பார்வையாளரின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே ‘ஸ்டார் ட்ரெக்’ சாட்சி. 1960-களின் இறுதியில் அந்தத் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி பரவியது. பியோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவரும் ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுத வைத்தார்கள். வந்து குவிந்த கடிதங்களைத் தாங்க முடியாமல், 1968 மார்ச்சில் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிலேயே அறிவிப்புக் கொடுத்தது: தொடர் தொடரும், தயவுசெய்து இனிக் கடிதம் அனுப்பாதீர்கள் என்று! அடுத்த ஆண்டு எப்படியும் நின்றுபோனது என்பது வேறு கதை. ஆனால் 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் அதற்கொரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள். நிறுத்தப்பட்டுவிட்ட ஒரு தொடருக்கு!

நம்மிடம் கூட்டத்துக்கா பஞ்சம்? 2018 ஜனவரி 6-ஆம் தேதி தென்னிந்திய நடிகர் சங்கம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நட்சத்திர விழா நடத்தியது. ரஜினி, கமல் என்று ஒரு பட்டாளமே வந்தது. ஆடினார்கள், பாடினார்கள், பந்து விளையாடினார்கள். நாம் கையசைத்தோம். எனக்கும் பிடித்தது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மாதிரி மேடையில் ஓர் எழுத்தாளரை, ஒரு படத்தொகுப்பாளரை, பின்னணிக் குரல் கொடுப்பவரை உட்கார வைத்து “இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று நாம் கேட்டதே இல்லை. அதே கமல் 2023 ஜூலையில் சான் டியாகோவுக்கே போனார். பிரபாஸ் நடித்த ‘கல்கி 2898 ஏடி’ படத்தின் பெயரை அங்கேதான் வெளியிட்டார்கள். ஹாலிவுட் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் பெரிய நட்சத்திரங்கள் இல்லாத ஆண்டு அது. நம் ஊர் முகங்கள் அங்கே மேசைக்குப் பின்னால் அமர்ந்து பேசியதை இரண்டு முறை பார்த்தேன். 2024 பிப்ரவரியில் சென்னையிலும் முதன்முறையாக காமிக் கான் நடந்தது. கோலாலம்பூரில் ‘காமிக் ஃபியெஸ்டா’ 2002-இலிருந்து இருக்கிறது. டிசம்பர் ஆனால் என் அக்கா மகன் அட்டையில் கவசம் வெட்டி ஒட்டிக்கொண்டு பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறிவிடுவான். அவனிடம் ஜப்பானியத் தொடர்களைப் பற்றிக் கேளுங்கள், எந்தப் பாகத்துக்கு யார் கதை எழுதினார் என்றுகூடச் சொல்வான். மலேசியத் தமிழ்த் தொடர் எழுதுபவர் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் விழிக்கிறான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் யாரும் அவனுக்கு அறிமுகப்படுத்தவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சிக்குத் தமிழில் நாடகம் எழுதும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பெயர் வேண்டாம். பதினோரு ஆண்டுகளாக எழுதுகிறார். தனக்கு வரும் விமர்சனம் இரண்டே வகை என்பார்: ஒன்று பார்வையாளர் எண்ணிக்கை, இன்னொன்று சமூக ஊடகத்தில் வசவு. முதலாவது ஏன் என்று சொல்லாது. இரண்டாவது எதற்கு என்று சொல்லாது. நடுவில் அவர் தனியாக அடுத்த தொடரை எழுத வேண்டும். வேலை இல்லாத மாதங்களில் கிரேப் ஓட்டுகிறார். அவர் காரில் ஏறிய ஒரு பெண், அவர் எழுதிய நாடகத்தைப் பற்றியே தொலைபேசியில் யாரிடமோ அரை மணி நேரம் பேசிக்கொண்டு போனாராம். இவர் வாய் திறக்கவில்லை. “ஏன்?” என்று கேட்டேன். “பயணி பேசுறப்ப குறுக்க பேசக்கூடாதுல்ல” என்றார்.

அந்தப் பெண் என்ன சொன்னார் என்று விசாரித்தேன். கதாநாயகியின் தங்கை கல்லூரிக்குப் போவதாகக் காட்டினார்களே, பிறகு அவள் என்ன ஆனாள் என்று கேட்டாராம். நண்பர் அந்தப் பாத்திரத்தையே மறந்துபோயிருந்தார். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் தங்கைக்கு ஒரு பெரிய பங்கு கொடுத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும் என்று நினைக்கிறேன். செபராங் ஜெயாவிலோ பிறையிலோ குளிரூட்டி வேலை செய்கிற ஒரு சமூக மண்டபம், நூறு நாற்காலி, நீள மேசை ஒன்று, கூட்டத்துக்கென்று தனியாக ஒரு மைக். மேசைக்குப் பின்னால் எழுதுபவர், இயக்குபவர், குரல் கொடுப்பவர், இசையமைப்பவர். சிறப்பு விருந்தினர் உரையும் பொன்னாடையும் இல்லாமல் நேரே பேச்சுக்குப் போய்விட வேண்டும். நடத்திவைக்க நான் தயார், அது என் தொழில்தானே. நான்கைந்து பேரிடம் பேசியும் பார்த்துவிட்டேன். அம்மா முதல் வரிசையில் இடம் கேட்டிருக்கிறார்.

நண்பரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வரேன். ஆனா கடைசியில ஒரு பாட்டு பாடுங்கன்னு மட்டும் கேக்கக்கூடாது.”