அடி தள்ளுவது ஏன்?



"என்னமோ கீழே இறங்குறாப்ல இருக்கும்மா" என்று சில தாய்மார்கள் செவிலியரிடம் மெல்லச் சொல்வார்கள். பலர் சொல்வதே இல்லை. கிராமத்தில் இதை அடி தள்ளிப் போச்சு என்பார்கள். டாக்டர்கள் கருப்பை இறக்கம் என்பார்கள்.

நம் செட்டிநாட்டு ஓலைக் கொட்டானைப் பாருங்கள். உள்ளே இருப்பதைத் தாங்குவது அதன் அடிப்பின்னல்தானே? பெண்ணின் இடுப்புக் கூட்டுக்கும் அப்படி ஓர் அடிப்பின்னல் உண்டு. முன்பக்கத்து எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தசைகள் தூளி போல விரிந்திருக்கின்றன. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இந்தத் தூளிதான். ஆனால் தூளியைக் கட்டக் கயிறு வேண்டுமல்லவா? அதுதான் இணைப்புத் திசு. சில இடத்தில் கயிறாகவும் சில இடத்தில் மெல்லிய விரிப்பாகவும் இருந்து, ஒவ்வோர் உறுப்பையும் அதனதன் இடத்தில் இழுத்துப் பிடிக்கிறது. இதற்கு உறுதி தருவது கொலாஜன் என்ற நார். தசை தளர்ந்தால் பாரம் முழுவதும் கயிறுகள் மேல் விழும். நாளடைவில் அவையும் நீண்டு போகும்.

கர்ப்பகாலத்தில் இந்த நார்கள் இளகும். பிரசவத்தில் தசையும் நாரும் இழுபடும், சிலருக்குக் கிழியவும் செய்யும். மறுபடி இறுக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தால் என்ன ஆகும்? பிள்ளை பெற்றவர் நடமாடலாம், நடமாடுவது நல்லதுதான். குடமும் விறகுக்கட்டும் மட்டும் ஆறு வாரமாவது கணவர் தலையில் ஏறட்டும். ஊரார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் ஐயா!

ஓயாத இருமலும் மலச்சிக்கலும்கூட அடியை அழுத்தும். மாதவிலக்கு நின்ற பிறகு நார்கள் மேலும் மெலியும். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சதாலதான் தள்ளிச்சு" என்பது தவறு. அதில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். தாங்கும் கயிறுகளைத் தொடுவதில்லை.

தசைக்குப் பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யாதீர்கள். ஆரம்ப நிலை இறக்கத்துக்கு இது நல்ல பலன் தரும்.

அதற்கும் மேல் இறங்கியிருந்தால் உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது; ஆபரேஷனும் இருக்கிறது. கருப்பையை எடுத்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. தாங்கும் கயிறுகளைச் சரியாகக் கட்டாவிட்டால் மீதிப் பகுதி பிறகு இறங்கக்கூடும். கருப்பையை எடுக்காமலேயே தூக்கிக் கட்டும் முறைகளை மும்பை டாக்டர்கள் சிரோத்கரும் புரந்தரேயும் அந்தக் காலத்திலேயே செய்து காட்டினார்கள். இனியும் பிள்ளை வேண்டுமென்றால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி அரசு மருத்துவமனையிலும், 2012-இல் தொடங்கிய சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, இறங்கிய இடத்தில் புண்ணோ இரத்தமோ கண்டாலோ அன்றைக்கே போக வேண்டும். கணவரும் கூடப் போங்கள்.