இரண்டாம் சாவி யார் கையில்?

முலுண்டிலிருந்து உப்பங்கழிப் பாலத்தைக் கடந்து ஐரோலிக்கு வருவோர், தாணே–பேலாப்பூர் நெடுஞ்சாலையை அடுத்துச் சன்னல்கள் மிகக் குறைந்த பெருங்கட்டடங்கள் சிலவற்றைக் காணலாம். அவை தரவு மையங்கள். மக்களின் கடிதங்களும் படங்களும் கணக்கு விவரங்களும் இத்தகைய கட்டடங்களில் உள்ள கணிப்பொறிகளில்தான் தங்கியிருக்கின்றன. வாயிலில் காவலர், உள்ளே அடையாள அட்டை, அதற்கும் உள்ளே விரல்ரேகைச் சோதனை. இத்தனை காவல் இருந்தும், அதே தெருவில் குடியிருக்கும் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு ஒரே தொலைபேசி அழைப்பில் பறிபோய்விடுகிறது. கதவை எவரும் உடைப்பதில்லை. சாவியை நாமே எடுத்து நீட்டிவிடுகிறோம்.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை நேயர்கள் அறிவர். நம்மிடமுள்ள சாவி மட்டும் அதைத் திறவாது. வங்கி அலுவலரின் சாவியும் சேரவேண்டும். இணையக் கணக்கின் இரட்டைச் சரிபார்ப்பும் இம்முறையைச் சார்ந்ததே. கடவுச்சொல் நமக்குத் தெரிந்த ஒன்று. கைப்பேசி நம்மிடம் இருக்கும் ஒன்று. விரல்ரேகை நாமேயான ஒன்று. இம்மூன்றில் வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு வேண்டும். இரண்டு கடவுச்சொற்களை வைத்துக்கொள்வது இரட்டைக் காவல் ஆகாது. ஒன்றைத் திருடியவன் மற்றதையும் அதே வழியில் திருடிவிடுவான்.

நம் நாட்டில் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது ரிசர்வ் வங்கியே. இணைய வழியில் அட்டையைக் கொண்டு பணம் செலுத்தும்போது, அட்டையின்மேல் காணப்படாத வேறொரு தகவலையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்ற ஆணை, 2009 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னர், குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

ஆயின் குறுஞ்செய்தி போய்ச் சேருவது சிம் அட்டைக்கேயன்றி நமக்கன்று. இதனை மும்பை கண்கூடாகக் கண்டது. 2018 டிசம்பர் இறுதியில் மாஹிமைச் சேர்ந்த துணி வணிகர் ஒருவருக்கு நள்ளிரவில் தொடர்ந்து அழைப்புகள் வந்தன. விடிந்து பார்த்தால் அவருடைய சிம் செயலிழந்திருந்தது. அவர் எண்ணுக்கு மாற்று சிம் பெற்ற எவரோ ஒருவர், கணக்கிலிருந்து ஒரு கோடியே 86 லட்ச ரூபாயை வெளியே அனுப்பியிருந்தார். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்திகளை நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை 2022-இல் ஆணையிட்டது. நல்ல ஏற்பாடே, எனினும், காரணமின்றிக் கைப்பேசியில் சிக்னல் மறைந்தால் காத்திராமல் உடனே விசாரிப்பது நம் பொறுப்பு.

இதனினும் உறுதியானது சரிபார்ப்புச் செயலி. முதலில் ஒருமுறை, கணக்கு வழங்கும் நிறுவனமும் நம் கைப்பேசியும் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பிறகு இரண்டும் அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துத் தனித்தனியே கணக்கிட்டு, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை புதிய ஆறிலக்க எண்ணைப் பெறுகின்றன. வழியில் எந்தச் செய்தியும் பயணம் செய்வதில்லை; ஆகவே இடைமறிக்கவும் ஏதுமில்லை. மின்தொடர் வண்டி சுரங்கத்துள் செல்லும்போதும் எண் கிடைக்கும். எல்லா வங்கிகளும் இதனை ஏற்பதில்லை. ஆயினும் மின்னஞ்சல் கணக்கிற்குத் தாராளமாக இதனை அமைக்கலாம். அமைப்பதும் அவசியம். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அஞ்சலுக்கே வருவதால், மின்னஞ்சல் பிடிபட்டால் யாவும் பிடிபட்டதாகும்.

செயலியின் எண்ணையும் வாய்திறந்து சொல்லிவிட்டால் பயனில்லை என்பது உண்மை. "எரிவாயு இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், வந்த எண்ணைச் சொல்லுங்கள் ஐயா" என்று பணிவோடு பேசுபவன்தான் இன்றைய கள்வன். அவசரம் அவனுடையது, நமக்கு அவசரமில்லை.

நம்மவரிடையே ஒரு தனிப்பட்ட குறையும் உண்டு. தாராவியிலோ செம்பூரிலோ இருந்தபோது வாங்கிய எண்ணை வங்கியில் தந்துவிட்டு, ஐரோலிக்குக் குடிபெயர்ந்தபின் வேறு எண்ணுக்கு மாறிவிடுகிறோம். ஊரில் இருக்கும் அம்மாவின் கணக்கோ, வெளிநாடு சென்றுவிட்ட தம்பியின் பழைய எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். பயன்படுத்தாது விட்ட எண், குறிப்பிட்ட காலம் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. அப்போது நம் பெட்டகத்தின் இரண்டாம் சாவி முன்பின் அறியாத ஒருவர் சட்டைப்பையில் கிடக்கும்! வங்கிக்கு நேரில் சென்று எண்ணை மாற்றிக்கொள்ள ஒரு முற்பகல் செலவாகலாம்; வரிசையில் நிற்பதும் சலிப்பே. எனினும் நாங்கள் கூறும் எல்லாவற்றிலும் முதலில் செய்யவேண்டியது அதுவே.

இரட்டைச் சரிபார்ப்பை அமைக்கும்போது மீட்பு எண்கள் சிலவற்றையும் பல நிறுவனங்கள் தருகின்றன. கைப்பேசி தொலைந்த நாளில் உதவுவன அவையே. அவற்றைக் கைப்பேசியிலேயே படமெடுத்து வைப்பவர் பலர். தாளில் எழுதி, ரேஷன் அட்டை இருக்கும் பெட்டியில் வைத்தல் நன்று. பணம் போய்விட்டதென்று அறிந்தால் வெட்கப்பட்டுத் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் அப்போதே தெரிவிக்கவேண்டும். பணம் அடுத்த கணக்கிற்குத் தாவுமுன் அதனை நிறுத்திவைக்க முடிவதெல்லாம் அந்த முதல் சில நாழிகைகளில்தான்.