மதுரையின் சேது உதைபந்தாட்டக் கழகம்

மதுரையின் சேது உதைபந்தாட்டக் கழகம் 2016இல் தொடங்கிய பெண்கள் கழகம். கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் 1889இல் பிறந்தது. அதன் பக்கத்தில் வைத்தால் இது நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆனாலும் மூன்றே ஆண்டில் இந்திய மகளிர் லீக் கிண்ணம் இதன் கைக்கு வந்தது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என வென்றது. இந்தியப் பெண்கள் உதைபந்தாட்டத்துக்குத் தாய்வீடே மணிப்பூர்தான். அந்த மண்ணின் அணியை வீழ்த்தியது சாதாரண விடயமல்ல.

கடலூரின் இந்துமதி கதிரேசன் இக்கழகத்துக்காக ஆடியவர். தமிழ்நாட்டில் உப பொலிஸ் பரிசோதகரான அவர், 2020 கொரோனா முடக்கத்தின்போது சென்னை வீதியில் கடமையில் நின்றார்.

2022இல் இந்திய மகளிர் லீக் கிண்ணத்தைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளா அணியிடம் 1-3 எனத் தோற்று, சேது இரண்டாமிடம் பெற்றது.