மூளைக்கு உரமா, வெறும் மாத்திரையா?

வட கர்நாடகத்தின் பெலகாவி பக்கம் சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அகசி சட்னிப் பொடி வேண்டும். அகசி என்பது நம் ஆளி விதை. தாவர உணவுகளில் ஒமேகா-3 கொழுப்பு இதில் இருக்கும் அளவுக்கு வேறு எதிலும் கிடைப்பது அரிது. அந்தப் பெலகாவியில்தான் கர்ப்பிணிகளுக்கு ஒமேகா-3 மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள்.

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை அல்ல. ஆளி விதையில் இருப்பது ஏஎல்ஏ. சிசுவின் மூளையிலும் விழித்திரையிலும், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், சேர்வது டிஹெச்ஏ. முன்னதைப் பின்னதாக மாற்ற உடலால் முடியும். ஆனால் மிகக் கொஞ்சமாகத்தான். நேரடி டிஹெச்ஏ மீனில் உண்டு. மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது. பெலகாவியில் கொடுத்ததும் பாசி டிஹெச்ஏதான்.

மொத்தம் 957 பெண்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் 400 மில்லிகிராம், இன்னொரு பிரிவினருக்குப் போலி மாத்திரை. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குள் தொடங்கி, பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை. பலன்? குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 12 மாதத்தில் வளர்ச்சியைச் சோதித்தபோதும் அதே கதைதான். 'அறிவுள்ள குழந்தை' என்று ஆசை காட்டும் விளம்பரக்காரர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

குறைப்பிரசவ விஷயத்தில் மட்டும் சற்று நம்பிக்கை. 1992ல் டென்மார்க்கில் 533 பெண்களிடம் நடந்த சோதனையில், மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களைவிடச் சராசரியாக 4 நாள் தள்ளிப் பிரசவமானது. வலியைத் தூண்டும் புராஸ்டகிளாண்டின் சுரப்பை ஒமேகா-3 மட்டுப்படுத்துவதே காரணம் என்பது ஊகம். 2018ல் காக்ரேன் அமைப்பு 70 சோதனைகளை அலசியது. 34 வாரத்துக்கு முந்தைய பிரசவங்கள் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்திருந்தன. மறுபக்கம், நாள் கடந்த பிரசவங்கள் கொஞ்சம் கூடின. மறு வருடமே ஆஸ்திரேலியாவில் 5,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில் அந்தப் பலனும் தெரியவில்லை. பாக்கி இருப்பது டாக்டர்களிடையே வாக்குவாதம்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு வழி எளிது: வாரம் இரண்டு முறை மத்தி, நெத்திலி, அயிலை. பாதரசம் சேரும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. 'மீன் எண்ணெய்தானே' என்று காட் லிவர் எண்ணெயை வாங்கிவிடக் கூடாது. அதில் வைட்டமின் ஏ அதிகம். அளவு மீறினால் கருவுக்கு ஆபத்து. சைவக் குடும்பங்கள் வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுப் பாசி மாத்திரை எடுக்கலாம்.

ஆனால் முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரையை 180 நாட்கள் சாப்பிட்ட தாய்மார்கள் 26 சதவீதம்தான்.