20 வருஷ நம்பிக்கையைக் கவிழ்த்த சின்னச் சூடு! ஸ்ட்ரான்சியம் ருத்தனேட்டில் என்ன நடந்தது?

மீக்கடத்திகளில் கரண்ட் தடையே இல்லாமல் ஓடும். அதைச் சுமப்பவை ஜோடி சேர்ந்த எலெக்ட்ரான்கள். அந்த ஜோடி எந்த வடிவத்தில் சேர்கிறது என்பதைத்தான் 'ஜோடி சமச்சீர்மை' என்கிறார்கள்.

எலெக்ட்ரானுக்கு 'ஸ்பின்' என்ற குட்டிக் காந்தத்தன்மை உண்டு. வழக்கமான மீக்கடத்திகளில் ஜோடியின் இரண்டு ஸ்பின்களும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஆனால், 1994-ல் யோஷிதெரு மயேனோ குழு மீக்கடத்தி எனக் கண்டறிந்த ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் வேற லெவல் என்று நம்பப்பட்டது. இதில் இரண்டு ஸ்பின்களும் ஒரே பக்கம் பார்க்குமாம். அப்படி இருந்தால் குவாண்டம் கம்ப்யூட்டருக்கே பயன்படலாம் என்று எதிர்பார்ப்பு எகிறியது.

ஆதாரம்? எம்.ஆர்.ஐ ஸ்கேனில் இருக்கும் அதே காந்த ஒத்ததிர்வு டெக்னிக். ஸ்பின்கள் ரத்தானால், மீக்கடத்தல் தொடங்கியதும் சிக்னல் மாற வேண்டும். கெஞ்சி இஷிதா குழுவின் 1998 சோதனையில் அது மாறவே இல்லை.

2019-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இந்தப் பொருள் மீக்கடத்துவதே சுமார் 1.5 கெல்வினுக்குக் கீழேதான், அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸையும் தாண்டிய குளிரில். அளக்க அனுப்பிய ரேடியோ துடிப்பே அதைச் சூடாக்கி, அந்தக் கணத்தில் மீக்கடத்தலை அழித்திருக்கிறது! அளந்தது வெறும் உலோகத்தை.

துடிப்பின் ஆற்றலைக் குறைத்ததும் சிக்னல் சரிந்தது. இஷிதா குழுவே மறுபடி அளந்து பார்த்து, அது சரிதான் என்று ஒப்புக்கொண்டது. இதற்குப் பெரிய மனசு வேணும்.

அப்போ உண்மையான ஜோடி வடிவம் எது? அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.